வள்ளலைக் குளிப்பாட்டியவர்

எங்கள் நகராட்சியில் நானூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்கிறோம். ஒரு பெரிய மனிதரின் தலையில் தினமும் கை வைக்கிற அதிகாரம் அதில் ஒருவருக்குத்தான் இருந்தது. பதிவேட்டில் அவர் பதவி ‘துப்புரவுப் பணியாளர், சிலைகள் மற்றும் நினைவுத் தூண்கள்’. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் குளிப்பாட்டி. எனக்குக் குளிப்பாட்டி அக்கா, வயதுக்குக் கொடுக்கிற மரியாதை.

நான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று மணி நேரம் பேசுவதை மூன்று வரியில் எழுதுவது என் தொழில். அந்த மூன்றிலும் இரண்டு வரி பொய்யாக இருக்கும். பத்தொன்பது வருடமாக இதையே செய்வதால், பெரிய மனிதர் என்று யாரைச் சொன்னாலும் எனக்கு முதலில் கொட்டாவிதான் வருகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

சிலைகள் என்று பதிவேட்டில் பன்மையில் இருந்தாலும் ஊரில் இருப்பது ஒன்றே ஒன்று. நான்கு சாலைகள் கூடுகிற சதுக்கத்தில் வெண்கலக் குதிரை, அதன் மேல் வெண்கல மனிதர். இடது கையில் கடிவாளம். வலது கை தூரத்தில் எதையோ சுட்டிக் காட்டுகிறது. அந்தத் திசையில் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. பீடத்தில் ஒரு பளிங்குப் பலகை, அதில் ஏழு வரி. இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த அந்தக் காலத்து ஆட்சியதிகாரி என்பதால் அவருக்குத் தண்ணீர் வள்ளல் என்று பட்டம். முதல் வரி அதைச் சொல்லும். மிச்ச ஆறு வரியும் அதையே சுற்றிச் சுற்றி வந்து கும்பிடு போடும்.

பலகை சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் இறைக்கும் நிலையம் கட்ட ஆற்றங்கரை நிலம் வேண்டியிருந்தது. அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. ஜனங்கள் காலி பண்ண மாட்டோம் என்றார்கள். எழுபத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் வள்ளல் குதிரையில் வந்து, கூட வந்த ஆட்களை விட்டு வீடுகளைக் கொளுத்தினார். பத்தொன்பது பேர் வெளியே வரவில்லை. பிழைத்தவர்களை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். கொட்டகைகள் எப்போதோ கல் வீடுகளாகிவிட்டன, ஆனாலும் அது இன்றைக்கும் தகரத் தெருதான்.

குளிப்பாட்டி அக்கா தகரத் தெருக்காரர். அவருடைய அம்மா ஆறு வயதில் அந்தத் தீயிலிருந்து ஓடிவந்தவர். அம்மாவைப் பெற்ற அப்பா ஓடிவராத பத்தொன்பதில் ஒருவர். அம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தேழு. வள்ளல் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் வைத்த பெயர் கொள்ளிக்கட்டை. சிலை வைத்த நாளிலிருந்து அம்மா அந்தச் சதுக்கத்தில் கால் வைத்ததில்லை. பஸ் அந்த வழியாகத்தான் போகும் என்பதால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மார்க்கெட் சந்து வழியாக நடந்து போவார். மழையிலும் அப்படித்தான். மூட்டுவலி வந்த பிறகும் அப்படித்தான்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் அந்த வேலைக்கு எப்படி வந்தார் என்றால், வேறு வேலை இல்லாததால் வந்தார். அக்காவின் புருஷன் லாரி ஓட்டுநர். ஒரு தடவை லோடு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை, லாரி மட்டும் திரும்பி வந்தது. கையில் இரண்டு குழந்தைகள். நகராட்சியில் காலியாக இருந்தது ஒரே இடம். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ‘குழாய்ப் பிரிவுல வேலைம்மா’ என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். அக்கா மறைத்தது குதிரையோடு சேர்த்து இரண்டரை டன், அதுவும் இருபத்தாறு வருடம்.

குழாய்ப் பிரிவுக்கு நீலக் கோட்டு, துப்புரவுக்குக் காக்கி. அக்கா ஒரு பழைய நீலக் கோட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். காலையில் வீட்டிலிருந்து நீலத்தில் கிளம்புவார், ஸ்டோர் ரூமில் காக்கிக்கு மாறுவார், சாயங்காலம் மறுபடி நீலம். சதுக்கத்தில் பார்த்த தெருக்காரர்களும் அம்மா காதில் போடவில்லை. கோட்டு மாற்றுவதுகூடப் பெரிய பாடில்லை. அம்மாவின் புகார்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

“குழாய்ப் பிரிவுன்னு பேருதான் பெருசு. நம்ம குழாய்ல தண்ணி நூல் மாதிரி வருது. நீ அங்க போய் என்னதான் பண்ற?”

மகள் மறுநாளே குழாய்ப் பொறியாளரின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார், வேலை முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். இப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே ஊரில் தண்ணீர் நன்றாக வருகிற தெரு தகரத் தெரு என்று ஆகிவிட்டது. அந்தப் பொறியாளர் ஓய்வு பெற்றதும் வீடு வாங்கியது அங்கேதான்.

அக்காவின் வேலையை நான் பலநாள் நின்று பார்த்திருக்கிறேன். காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு படி ஏணியைக் குதிரையின் பக்கவாட்டில் சாத்துவார். வள்ளலின் தொப்பி புறாக்களுடையது. சுட்டிக் காட்டுகிற விரல் ஒரு காக்கையின் சொந்த இடம். “மேலேர்ந்து கீழே வரணும் தம்பி. கீழேர்ந்து ஆரம்பிச்சா கழுவினதையே கழுவிட்டு இருக்கணும்” என்பார். சோப்புத் தண்ணீரில் தொப்பி, மூக்கு, மீசை, காது, பிறகு தோள் என்று வரிசை மாறாமல் இறங்கி வருவார்.

“அந்த ஆள் காதுக்குள்ள பிரஷை விடும்போது உங்களுக்கு என்ன தோணும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நல்லா நாலு திட்டு திட்டுவேன். தினமும் அவன் காதுல நேரா திட்டுற பாக்கியம் எங்க தெருவுல வேற யாருக்குக் கிடைச்சிருக்கு?”

குளிப்பாட்டுவது வெண்கலம் முடிந்து பளிங்குப் பலகையில் வந்து முடியும். அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பலகையை எதை வைத்துக் கழுவுவது என்று அக்கா ஸ்டோர்காரரைக் கேட்டார். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டிய ஸ்டோர்காரர், “எச்சம்னா எல்லாம் எச்சம்தானே” என்றார். ஆசிட் பளிங்கில் பட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. எச்சம் போனது, பலகை வெள்ளை வெளேரென்று ஆனது. பளிங்கும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது என்பது ஸ்டோர்காரருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

போன வருடம் சாலையை அகலப்படுத்தக் கிளம்பினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அகலப்படுத்த வேண்டுமானால் சிலையைப் பன்னிரண்டு அடி தள்ளி வைக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில், பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரத்தில், தகரத் தெருவில் பேட்டரி கடை வைத்திருப்பவர் எழுந்தார்.

“பன்னிரண்டு அடி நகர்த்துறீங்க. அப்படியே பன்னிரண்டு மைல் நகர்த்தினா என்ன? வீட்டைக் கொளுத்தினவனுக்கு நடு ரோட்டுல என்ன வேலை?”

அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது. தண்ணீர் தந்தவரை நன்றிகெட்டுத் தூக்கி எறிவதா என்று ஒரு கூட்டம். கொலைகாரனுக்குக் குதிரையா என்று இன்னொரு கூட்டம். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் நகராட்சி ஒரு குழு போடும், என்ன செய்வதென்று தெரிந்துவிட்டால் இரண்டு குழு போடும். இந்தத் தடவை ஒரு குழு. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, கூடவே வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், பொறியாளர் ஒருவர். குறிப்பு எழுத நான்.

குழு முதலில் சிலையை நேரில் பார்வையிடப் போனது. இரண்டு கூட்டமும் கூடவே வந்தது. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினவர்களில் ஒருவர்கூடச் சிலையைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பலநாள் அங்கே நின்ற நானும் பலகையைக் கவனித்ததில்லை. அதில் ஒரு எழுத்தும் இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி போல வழவழவென்று இருந்தது. பொறியாளர் விரலால் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, “ஆசிட்” என்றார்.

வள்ளல் கட்சிக்காரர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். ஊரில் ஆசிட் வைத்திருப்பது யார்? பேட்டரிக்காரர். சிலையை எடுக்கச் சொன்னது யார்? அவரே. மறுநாள் காலையில் போலீஸ் அவரையும் இரண்டு ஆசிட் கேனையும் ஜீப்பில் ஏற்றியது. குழு பார்வையிட்ட நேரம் முழுக்க அக்கா அதே பீடத்தின் ஓரத்தில், கையில் வாளியோடும் பாட்டிலோடும் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதில் எனக்கு இன்னும் வெட்கம் உண்டு.

பேட்டரிக்காரரைப் பிடித்த அன்று மதியம் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, அது நான்தான்.”

“எது?”

“பலகை.” ஆசிட் கதை முழுவதையும் நின்றபடியே சொல்லி முடித்தார்.

நான் எழுந்து கதவைச் சாத்தினேன். “அக்கா, இன்னும் மூணு வருஷம்தான் உங்களுக்கு. வாயைத் திறந்தா வேலையும் போகும், பென்ஷனும் போகும். பேட்டரிக்காரரை ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுருவாங்க.”

“விடறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும்.

“வேலை போனா வேற வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்குவேன். அதில்ல தம்பி. நாளைக்கு விசாரணையில சொல்லணும், அங்க அம்மா வராங்க.”

மறுநாள் குழு நடத்தவிருந்த பொது விசாரணையில் பேசப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. நான்காவது பெயர் அவர் அம்மாவுடையது. ஏழாவது, சிலையின் பராமரிப்பு பற்றி விளக்கம் சொல்லக் குழு அழைத்திருந்த ஊழியர், அதாவது அக்கா. ஒரே நாள், ஒரே ஹால். அம்மாவை வேறு நாளுக்கு மாற்றுங்கள் என்று நீதிபதியிடம் போய்க் கெஞ்சினேன். எழுபத்தேழு வயசுக்காரரை அலையவிடக் கூடாது என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

விசாரணை நடந்தது மன்றக் கூடத்தில். பிளாஸ்டிக் நாற்காலி அத்தனையும் நிரம்பி, சுவரோரம் ஜனம் நின்றது. மூன்று மைக்கில் ஒன்றுதான் வேலை செய்தது. பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை.

“வரலாற்று மனிதர்களை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. அவர் வாழ்ந்த காலத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.”

நான்காவதாக அம்மா வந்தார். குள்ளமான உருவம், மைக்கை அவர் உயரத்துக்குத் தாழ்த்தவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

“அந்தக் காலத்துலதான் ஐயா நானும் இருந்தேன். எங்க அளவுகோல்ல அப்பவும் அது கொலைதான்.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியர் தண்ணீர் குடித்தார். அம்மா தன் அப்பாவைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னார். வீட்டுக்குள் மாடு கட்டியிருந்ததாம், அதை அவிழ்க்க அவர் உள்ளே போனாராம். மாடு வெளியே வந்தது என்று சொல்லி நிறுத்திவிட்டு, போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை, குறிப்பிலும் இல்லை.

ஏழாவதாக அக்கா உள்ளே வந்தார். விசாரணைக்குத் துறைச் சீருடையில் வரவேண்டும் என்று உத்தரவு, அதனால் காக்கிக் கோட்டு. முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

“உன் நீலக் கோட்டு என்னடி ஆச்சு?”

பாதி ஹால் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மைக்கின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, பேட்டரிக்காரர் ஒண்ணும் பண்ணல. அவரை விட்டுருங்க. அந்தப் பலகையை அழிச்சது நான். இருபத்தாறு வருஷமா அந்தச் சிலையைக் கழுவுறது நான்தான். ஆசிட் போட்டுக் கழுவினேன், கரைஞ்சு போச்சு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை அவர், தப்பிக்க ஒரு வழியைத் திறந்துதான் வைத்தார். “ஆசிட் பட்டா பளிங்கு கரையும்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தரல. தெரியாம நடந்தது. அப்படித்தானே?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். நான் மேசைக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது. அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

“முதல் மூணு வருஷம் தெரியாமத்தான் ஐயா. ஒருநாள் பார்த்தேன், வள்ளல்னு எழுதியிருந்ததுல பாதியைக் காணோம். பக்குனு ஆயிடுச்சு. அப்புறம் யோசிச்சேன், நல்லாத்தானே இருக்குன்னு தோணுச்சு. அதனால நிறுத்தல. மிச்சமெல்லாம் தெரிஞ்சேதான் பண்ணினேன்.” திரும்பி முன்வரிசையைப் பார்த்தார். “உனக்காகத்தாம்மா.”

அம்மா எழுந்து நின்றார். எல்லோரும் ஒரு கட்டிப்பிடித்தலை எதிர்பார்த்தோம். நான்கூட அதை ஒரே வரியில் எப்படி எழுதுவது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

“யாருடி உன்னை அழிக்கச் சொன்னது?” என்றார் அம்மா.

“அம்மா, அதுல இருந்தது பொய்தானே.”

“பொய்தான். ஏழு வரியும் எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சுச் சொல்லிக்குடுத்தாங்க. அவனை நீ கழுவிவிட்டதைக்கூட வயித்துப்பாடுன்னு விட்டுடுவேன். இதை விட மாட்டேன். அங்க பொய் எழுதியிருந்த வரைக்கும், அது பொய்னு சொல்ல நான் ஒருத்தி இருந்தேன். இப்ப ஒண்ணுமே இல்ல. குதிரை மேல யாரோ ஒரு நல்ல மனுஷன் உக்காந்திருக்கான். நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது?”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். அக்கா மைக்கை விடாமல் அப்படியே நின்றார். நீதிபதிதான் எழுந்து வந்து அவர் கையை விடுவித்தார்.

அன்று சாயங்காலமே பேட்டரிக்காரரை விட்டுவிட்டார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. அக்காவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். துறை விசாரணை வரும், வேலை நிச்சயம் போகும் என்று ஆபீஸே பேசிக்கொண்டது.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போய் இருபத்தாறு வருடக் கோப்புகளையும் இறக்கினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோனது. ஒவ்வொரு மாதமும் ஒரு தேவைச் சீட்டு: ‘ஆசிட் இரண்டு பாட்டில், சிலை உபயோகத்துக்கு.’ ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரியின் கையெழுத்து, மொத்தம் பதினோரு அதிகாரிகள். அதில் ஒருவர் இப்போது எங்கள் ஆணையர். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று யாரோ சொல்லி வைத்தது இந்த மாதிரி சமயத்துக்குத்தான். சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி ஆணையரின் மேசையில் வைத்தேன், அவருடைய கையெழுத்து மேலே தெரிகிற மாதிரி. கோப்பு ஐந்து மாதம் தூங்கியது. பிறகு ‘இனி கவனமாக இருக்கவும்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்தது.

அந்த ஐந்து மாதமும் குழு கூடிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு கூட்டத்தையும் விடவில்லை, வேலைக்கு வருவது போல நேரத்துக்கு வந்தார். சிலையை எடுத்துவிடலாமா என்று நீதிபதி அவரிடமே கேட்டார்.

“எடுத்துட்டா பல் டாக்டர் போர்டு நல்லாத் தெரியும், வேற என்ன? நிக்கட்டும். அவன் பண்ணினதை எழுதி, அதுக்கு மேல நிக்க வையுங்க.”

பேட்டரிக்காரருக்கு இதில் சம்மதமே இல்லை. “அடி வாங்கினது நான். தினமும் கடைக்குப் போறப்போ அவனை அண்ணாந்து பார்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். என்னைக் கேட்டால் முழுவதையும் உருக்கித் தண்ணீர்க் குழாய்க்குத் திருகு செய்திருக்கலாம், என்னை யாரும் கேட்கவில்லை. குழு அம்மாவின் பக்கம் சாய்ந்தது. பலகையில் ‘தீ விபத்து’ என்று போடலாம் என்றார் பேராசிரியர். “தானா எரியறதுக்கு அது என்ன அடுப்பா?” என்றார் அம்மா. மூன்று கூட்டம் இழுத்தது. கடைசியில் சிலை பன்னிரண்டு அடி நகர்ந்தது, புதுப் பலகை வந்தது. தண்ணீர் கொண்டுவந்தார் என்று ஒரு வரி. அதற்காக முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளைக் கொளுத்தினார், பத்தொன்பது பேர் இறந்தார்கள் என்று அடுத்த வரி. அதன் கீழே பத்தொன்பது பெயர்கள்.

வீட்டில் மட்டும் எந்தக் குழுவாலும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அம்மா மகளோடு பேசுவதில்லை. சுவரோடு பேசினார். ‘சோறு ஆறுதுன்னு சொல்லு’ என்பார் சுவரிடம். ‘வெளியே போறவங்க கதவைச் சாத்திட்டுப் போனா நல்லாருக்கும்’ என்பார் கதவிடம். ஐந்து மாதம். வேலையிலிருந்து நிறுத்தியதற்கு அக்கா அழவில்லை. இதை என்னிடம் சொல்லும்போது அழுதார்.

“நான் அவங்களுக்குப் பண்ணின ஒரே நல்ல காரியம் அதுதான்னு நினைச்சிட்டு இருந்தேன் தம்பி. இருபத்தாறு வருஷமா மனசுக்குள்ள வச்சுப் பெருமைப்பட்டுட்டு இருந்தேன்.”

மறுபடி வேலையில் சேரச் சொல்லும் உத்தரவை நானே எடுத்துக்கொண்டு ஒரு காலையில் தகரத் தெருவுக்குப் போனேன். முன்னறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஆணியில் நீலக் கோட்டு தொங்கியது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா வாசற்படியில் நின்றார். நான் உத்தரவை உரக்கப் படித்தேன்.

“நான் போகல” என்றார் அக்கா. “மறுபடியும் அவன் மூஞ்சியைத் தேய்க்க என்னால ஆகாது. அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கு.”

அம்மா நார் எடுப்பதை நிறுத்தவில்லை. “தம்பி,” என்றார் என்னிடம், “போன வாரம் நான் அங்க போயிருந்தேன்.”

“எங்கம்மா?”

“சதுக்கத்துக்கு. புதுப் பலகையில எங்க அப்பா பேரைச் சரியா எழுதியிருக்காங்களான்னு பார்க்க. சரியாத்தான் இருக்கு.” ஒரு காயை முறித்தார். “அஞ்சு மாசமா யாரும் கழுவல. தலைலேர்ந்து வழிஞ்சு அவன் கண்ணு, மூக்கு ஒண்ணும் தெரியல. அது பாட்டுக்கு இருக்கட்டும், அவனுக்கு அது பொருத்தமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குதிரை மூஞ்சியெல்லாம்கூட எச்சம். கண்ணுக்குள்ள எச்சம்.”

“குதிரைதானேம்மா” என்றேன்.

அம்மா கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக மகள் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு நெருப்பைப் பார்த்ததும் அந்தக் குதிரை நின்னுடுச்சுடி. சவுக்கால அடிக்கிறான், கடிவாளத்தை வாய் கிழியற மாதிரி இழுக்கிறான். வாயெல்லாம் ரத்தம், ஒரு அடி எடுத்து வைக்கல அது. அவன்கூட நாப்பது ஆம்பளைங்க வந்திருந்தாங்க. சொன்ன இடத்துல எல்லாம் நெருப்பு வச்சாங்க. மாட்டேன்னு நின்னது அது ஒண்ணுதான். நீ போய் அந்தக் குதிரையை நல்லாக் கழுவு. அவனை விட்டுரு.”

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, மகளின் தலையில் கை வைத்தபடி, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் சதுக்கத்துக்கு வந்தார்கள். குதிரையைக் கழுவி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.